யார் நிபுணர்? மூன்று கூட்டங்களும் ஒரு கையெழுத்துத் தாளும்

முதல் கூட்டம் முடிந்த அன்று சாயங்காலம், எங்கள் கணக்கர் தம்பி ஒரு நீளத் தாளை வைத்துக்கொண்டு எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். பெயர், ஊர், தொகை, கையெழுத்து என்று நான்கு கட்டங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர்களுக்கு ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப். மேலே மனநல மருத்துவர்கள், அடுத்து உளவியலாளர்கள், அப்புறம் வழக்கறிஞர். ஆளுக்கு 7,500. கடைசியில் ஐந்தாறு பெயர்கள், ஆளுக்கு 280, 340, 410. பேருந்துக் கட்டணம்.

பெரியகுளம் பக்கத்திலிருந்து வந்த அண்ணன் ஒருவர் பேனாவை வாங்கி, கையெழுத்துப் போடாமல் அந்தத் தாளை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். பதினெட்டு வருஷமாக மனச்சிதைவு நோயோடு வாழ்கிறவர். அன்று காலையில், மருத்துவமனைக்குத் தன்னை எப்படியெல்லாம் தூக்கிப் போனார்கள் என்று நாற்பது நிமிஷம் பேசியிருந்தார். அரங்கில் எல்லாரும் குறிப்பெடுத்தது அவர் பேச்சைத்தான்.

"தம்பி, நானும் பேசினேன்ல?" என்றார். கோபமே இல்லை. சந்தேகம் கேட்பது மாதிரிதான் கேட்டார்.

கணக்கர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இந்தக் கட்டுரையில் நான் எழுதப்போகிற எல்லாமே அந்தத் தாளிலிருந்து தொடங்கியதுதான்.

எங்களுடையது திருச்சி வட்டாரத்தில் இயங்கும் சின்ன மனநல அமைப்பு. ஊழியர்கள் 9 பேர், ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையம், வாரம் இரண்டு கிராம முகாம். 2018 கடைசியில் ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை எங்களுக்கு மூன்று 'நிபுணர் கலந்தாய்வுக் கூட்டங்கள்' நடத்தப் பணம் தந்தது. சிகிச்சைக்கோ மருந்துக்கோ கட்டடத்துக்கோ அதைத் தொடக் கூடாது. கூட்டம் கூட்டிப் பேசுவதற்கு மட்டும். அலுவலகத்தில் பாதிப் பேருக்கு இது வேடிக்கையாக இருந்தது. மாத்திரை வாங்கக் காசில்லாமல் அலைகிறோம், ஓட்டலில் உட்கார்ந்து பேசக் காசு வருகிறதே என்று. எனக்கும் அந்தக் குறுகுறுப்பு இருந்தது, மறைக்கவில்லை.

ஆனால் பேச வேண்டிய விஷயம் ஒன்று உண்மையிலேயே இருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 5ஆம் பிரிவு, 18 வயது நிரம்பிய எவரும், பின்னால் தனக்கு முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக் கூடாது, தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் எங்கள் மையத்துக்கு வருகிறவர்கள் படித்து நிரப்பக்கூடிய ஒரு தமிழ்ப் படிவம் எங்கள் கைக்குக் கிடைக்கவில்லை. அதைச் செய்ய மருத்துவர், வழக்கறிஞர், நோயோடு வாழ்கிறவர், குடும்பத்தார் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். அவர்களை உட்கார வைக்கத்தான் இந்தப் பணம்.

விண்ணப்பத்தில் ஒரு அட்டவணை இருந்தது: நிபுணர் பெயர், பட்டம், பதவி, அனுபவ ஆண்டுகள். 'பயனாளிப் பங்கேற்பாளர்கள்' என்று தனியாக இன்னொன்று. அதில் எண்ணிக்கை மட்டும். பெயர்கூட வேண்டாம். நான் யோசிக்காமல் நிரப்பி அனுப்பினேன். முதல் அட்டவணைக்கு மதிப்பூதியம், இரண்டாவதுக்குப் பயணப்படி. தப்பு அங்கேயே நடந்துவிட்டது. கையெழுத்துத் தாள் அதை வெளியே காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

மறுநாள் அறக்கட்டளையின் திட்ட அலுவலருக்குப் போன் போட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "ஒப்பந்தத்தை எடுத்துப் படிங்க, ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்கு 10 சதவீதம் வரை நீங்களே மாற்றிக்கலாம், என்னைக் கேட்கவே வேண்டாம்" என்றார். இரண்டு மாதமாக என் மேசையில் கிடந்த ஒப்பந்தம். நான் கையெழுத்துப் பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். நிதி கொடுப்பவர்களைப் பற்றி நமக்கு ஒரு பயம் இருக்கிறது, எதைக் கேட்டாலும் பணத்தை நிறுத்திவிடுவார்கள் என்று. பெரும்பாலும் கேட்டால் தருவார்கள். கேட்காமல் செய்துவிட்டுத் தணிக்கையில் மாட்டினால்தான் சிக்கல்.

இரண்டாவது கூட்டத்திலிருந்து ஒரே அட்டவணை. அந்த அண்ணன் பெயருக்கு நேரே அனுபவ ஆண்டுகள் 18. ஒரு அம்மா பெயருக்கு நேரே 22. மகனைப் பார்த்துக்கொண்ட வருஷங்கள். பட்டம் என்ற கட்டத்தில் கோடு போட்டுவிட்டேன். எல்லாருக்கும் 4,000 ரூபாய். மருத்துவர்களில் ஒருவர் வரவில்லை. தொகை காரணமா, வேறு வேலையா, தெரியாது, கேட்கவும் இல்லை. மற்றவர்கள் வந்தார்கள். ஒருவர் தன் பணத்தை அங்கேயே மையத்துக்குத் தந்துவிட்டுப் போனார். பணம் எவ்வளவு என்பதைவிட எல்லாருக்கும் ஒன்று என்பது வேலை செய்தது.

இதில் ஒரு கணக்கு விஷயம், இதே வேலையில் இருப்பவர்களுக்காக. தொழில்முறைக் கட்டணமாக ஒருவருக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாயைத் தாண்டினால்தான் அப்போது வருமான வரி பிடிக்க வேண்டியிருந்தது. அந்த வரம்பு பிறகு கூடியிருக்கிறது. 4,000 ரூபாய்க்கு பான் கார்டு கேட்டு ஒரு கிராமத்து அம்மாவை அலைய வைக்க வேண்டியதில்லை. எங்கள் கணக்கர் முதலில் அதைத்தான் செய்தார். ஆதார் நகல், பான் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் என்று ஒரு பட்டியலே கொடுத்தார். அந்த அம்மா, "வரவே வேண்டாம்னு சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டார். கையெழுத்தும் இனிமேல் தனித்தனிச் சீட்டில்தான். ஒருவர் வாங்குவது இன்னொருவர் கண்ணில் படத் தேவையில்லை, தொகை ஒன்றாக இருந்தாலும்கூட.

நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் கூட்டத்தைச் சனிக்கிழமை காலை 9 மணிக்கு வைத்தோம். மருத்துவர்கள் 11 மணிக்கு வந்தார்கள், 4 மணிக்குக் கைக்கடிகாரம் பார்க்க ஆரம்பித்தார்கள். சனிக்கிழமை மாலைதான் அவர்களுடைய கிளினிக்கில் கூட்டம் அதிகம்; வெளியூர் நோயாளிகள் வருகிற நாள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. யாராவது ஒருவரை முன்கூட்டிக் கேட்டிருந்தால் ஞாயிறு என்று சொல்லியிருப்பார். மறுபக்கம், ராத்திரி மாத்திரை போடுகிறவர்களுக்குக் காலை 9 மணி என்பது நடு ராத்திரி மாதிரி. தலை நிமிராது, வாய் உலர்ந்திருக்கும், பேச்சு குழறும். முதல் நாள் முதல் அமர்விலேயே அவர்களைப் பேச வைத்துவிட்டு, 'பயனாளிகள் அவ்வளவாகப் பேசவில்லை' என்று அறிக்கையில் எழுதிய புத்திசாலி நான்தான். பிறகு ஞாயிறு, 10.30க்குத் தொடக்கம், மூன்று மணிக்கு முடிவு என்று மாற்றினோம். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு முந்தின நாள் ராத்திரி தங்க இடம். கூட ஒருவர் வந்தால் அவருக்கும் செலவு. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வர முடியாத தாய்மார்களுக்கு, அன்று ஒரு நாள் மாற்று ஆளுக்கான கூலி 500 ரூபாய். மொத்த நிதியில் இந்த வரிக்குப் போனதுதான் மிகக் குறைவு. அது இல்லாவிட்டால் அந்த 22 வருஷத்து அம்மா வந்திருக்கவே மாட்டார்.

டீயையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டல்காரர்கள் விளிம்பு வரை நிரப்பிய பீங்கான் கோப்பையைச் சாஸரோடு கொண்டுவந்து நீட்டினார்கள். லித்தியம் மாத்திரை எடுத்துக்கொள்கிற ஒரு தம்பி வேண்டாம் என்று தலையாட்டினார். மறுபடி பதினொன்றரைக்கு, மறுபடி மூன்றரைக்கு. தாகம் எடுக்காதவர் இல்லை; லித்தியம் போடுகிறவர்களுக்குத் தாகம் அதிகம். கையும் நடுங்கும். சாஸரில் கோப்பை கடகடவென்று ஆடும் சத்தம் அந்த நிசப்தத்தில் எல்லாருக்கும் கேட்கும் என்று அவர் ஒரு நாள் முழுக்க ஒன்றும் குடிக்கவில்லை. எங்கள் களப்பணியாளர் அக்காதான் கவனித்துச் சொன்னார். அடுத்த தடவை பெரிய எவர்சில்வர் டம்ளர், முக்கால் அளவு, மேசையிலேயே தண்ணீர் பாட்டில். செலவு ஒன்றும் கூடவில்லை.

அதே போல ஒருவர் அடிக்கடி எழுந்து பின்னால் போய் நடந்துகொண்டே இருந்தார். நான் போய், "உட்காருங்க அண்ணே" என்று சொல்லிவிட்டேன். சில மருந்துகளின் பக்கவிளைவு அப்படி. கால் ஒரு இடத்தில் நிற்காது, உட்கார்வதே வேதனை. இந்தத் துறையில் பதினொரு வருஷமாக இருக்கிற எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஓட்டல் அரங்கு, மேடை, மைக் என்று வந்ததும் மறந்துபோயிற்று. பிறகு அரங்கின் பின்பக்கத்தில் நாற்காலியே போடாமல் விட்டோம். களைத்தால் ஒதுங்க ஒரு அமைதி அறையும் ஏற்பாடு செய்தோம். முதல் தடவை ஓட்டல்காரர் கொடுத்த அறை சமையலறையை ஒட்டி இருந்தது. பத்தரையிலிருந்து கிரைண்டர் ஓடியது. அறையைப் போய்ப் பார்க்காமல் போனில் பதிவு செய்தால் இப்படித்தான்.

முதல் கூட்டத்தில் ஒவ்வொரு மருத்துவரும் நாற்பது ஸ்லைடு கொண்டுவந்திருந்தார். இருட்டாக்கி, ஸ்லைடு காட்டி, கைதட்டி, அடுத்தவர். இரண்டாவது கூட்டத்தில் புரொஜெக்டரே வாடகைக்கு எடுக்கவில்லை. பின்னால் ஒருநாள், அறக்கட்டளைகள் இப்படிப் பேசுவதற்கென்று பணம் கொடுக்கிற வழக்கத்தைப் பற்றித் தேடிப் படித்தபோது, நியூயார்க்கின் ஜோசையா மேசி ஜூனியர் அறக்கட்டளை கண்ணில் பட்டது. இயந்திரங்களும் உயிர்களும் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் விதத்தை ஆராயும் சைபர்நெட்டிக்ஸ் பற்றி, 1946 முதல் 1953 வரை 10 கூட்டங்களுக்கு அது பணம் தந்தது. தலைமை வாரன் மெக்கல்லக். கணிதத்திலிருந்து நார்பர்ட் வீனர், மானுடவியலிலிருந்து மார்கரெட் மீடும் கிரெகரி பேட்சனும், உளப்பகுப்பாய்விலிருந்து லாரன்ஸ் கூபி, உளவியலிலிருந்து மாலி ஹாரோவர். அறக்கட்டளையின் சார்பில் கூட்டங்களைப் பார்த்துக்கொண்ட ஃபிராங்க் ஃப்ரீமான்ட்-ஸ்மித்துக்கு ஒரு பிடிவாதம்: கட்டுரை வாசித்துவிட்டுப் போவதற்கு இல்லை, பேசுவதற்கு. யார் பேசும்போதும் யாரும் குறுக்கே கேட்கலாம். கடைசி ஐந்து கூட்டங்களின் பேச்சு, குறுக்கீடுகளோடு, புத்தகங்களாகவே வந்தது. எழுபது வருஷத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்த விஷயத்தை நாங்கள் வாடகை புரொஜெக்டர் செலவு செய்து கற்றுக்கொண்டோம். அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்களும் மருத்துவர்களும்தான் என்பதையும் இப்போது என்னால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இரண்டாவது கூட்டத்தில் நாங்கள் மாட்டிக்கொண்டது ஒரு சொல்லில். சட்டப்படி முன்கூட்டியே எழுதி வைக்கும் அந்தத் தாளை 'முன்கூட்டிய அறிவுறுத்தல்' என்று வழக்கறிஞர் சொன்னார். யாருக்கும் ஒட்டவில்லை. அந்த அம்மா, "உயில் மாதிரியா?" என்றார். உடனே இரண்டு பேர் முகம் மாறியது. உயில் என்றால் சாவு. சாகப் போகிறவன் எழுதுவது. அதற்கு எங்கள் வீட்டில் கையெழுத்துப் போட விடமாட்டார்கள் என்றார் ஒருவர். முக்கால் மணி நேரம் இதிலேயே போயிற்று. மருத்துவர் ஒருவருக்குப் பொறுமை போய், சொல்லில் என்ன இருக்கிறது, படிவத்துக்கு வருவோம் என்றார். பெரியகுளத்து அண்ணன்தான், "நல்லா இருக்கும்போதே முன்னாடி சொல்லி வைக்கிறது, முன்சொல்னு வெச்சுக்குவோமே" என்றார். முன்சொல் தாள். எங்கள் மையத்தில் இன்றும் அதுதான் பெயர்.

நோயிலிருந்து மீள்வதைப் பற்றியும் இப்படித்தான். மருத்துவர்கள் 'குணமடைதல்' என்றார்கள், உளவியலாளர்கள் 'மீட்சி' என்றார்கள். குடும்பத்துக்காரர்கள் ஒருவர்கூட இரண்டையும் சொல்லவில்லை. "தேறிட்டான்", "இப்ப தேறி வர்றா" என்றார்கள். நோய் முழுக்கப் போய்விட்டது என்றும் அதில் இல்லை, அப்படியே இருக்கிறது என்றும் இல்லை. பரீட்சையில் தேறுவதற்கும் அதே சொல்தான். அன்றிலிருந்து எங்கள் குறிப்பேடுகளில் அந்தச் சொல்லைத்தான் எழுதுகிறோம்.

மொழிபெயர்ப்பாளர் வைத்தால் அவருக்கு முந்தின நாளே நிகழ்ச்சியின் காகிதங்களைக் கொடுங்கள். நாங்கள் கொடுக்கவில்லை. வெளிமாநில மருத்துவர் ஒருவர் சொன்ன 'முடிவெடுக்கும் திறன்' என்பதை அவர் 'புத்தி' என்று மொழிபெயர்க்க, "எனக்குப் புத்தி இல்லைங்கிறாரா?" என்று ஒருவர் எழுந்து நின்றுவிட்டார்.

பிறகு படிவத்துக்கு வந்தோம். 'எனக்கு என்ன செய்யக் கூடாது' என்ற பகுதி. யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று சட்டத்தின் 95ஆம் பிரிவு தடுத்திருக்கிறது என்று வழக்கறிஞர் வாசித்தார். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், "ஏர்வாடி" என்று மட்டும் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து, கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்த நாள். தமிழ்நாட்டில் இந்த வேலை செய்கிற யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப நான் எதுவும் பேசாமல் இருந்ததுதான் அந்த மூன்று கூட்டங்களிலும் நான் செய்த உருப்படியான காரியம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அந்தப் பகுதியில் அவரவர் எழுதியவை: 'கையைக் கட்டாதீர்கள். ஊசி போடும் முன் சொல்லுங்கள்.' 'சித்தப்பாவைக் கூப்பிடாதீர்கள்.' 'தலைமுடியை வெட்டாதீர்கள்.' மணப்பாறைப் பக்கத்து அக்கா ஒருவர் எழுதியது: 'என் ஏழு ஆட்டையும் தண்ணி காட்டிக் கட்டாம என்னை வண்டியில ஏத்தாதீங்க.' முந்தின தடவை அவர் மருத்துவமனையில் இருந்த மூன்று வாரத்தில் இரண்டு ஆடு செத்துப்போயிருந்தது. தேறி வீட்டுக்குப் போனதும் முதலில் பார்த்தது காலி முளைக்குச்சியைத்தான். இது மருத்துவ விஷயம் இல்லையே, படிவத்தில் வேண்டாம் என்றார் ஒரு மருத்துவர். இன்னொரு மருத்துவர், "சார், ஆட்டுக்காகத்தான் அவங்க போன தடவை மூணாவது நாளே ஓடிப்போகப் பார்த்தாங்க" என்றார். ஆடு படிவத்தில் ஏறியது. 'வீட்டிலும் தொழிலிலும் யார் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று தனிக் கட்டமே வந்துவிட்டது.

அடுத்தது நாங்கள் செய்த பெரிய தவறு. அறக்கட்டளைக்கு அறிக்கையோடு படம் வேண்டும். கூட்டம் முடிந்து எல்லாரும் நின்று படம் எடுத்தோம், பின்னால் பேனர். அதில் 'மனநலப் பயனாளிகள்' என்று பெரிய எழுத்து. எங்கள் ஊழியர் ஒருவர் ஆர்வத்தில் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். படத்தில் இருந்த ஒரு தம்பியின் தங்கைக்கு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று மணி நேரத்தில் எடுத்துவிட்டோம். அதற்குள் பார்க்க வேண்டாதவர் பார்த்துவிட்டார். அந்தச் சம்பந்தம் நின்றுபோனதற்கு அது மட்டுமே காரணமா என்று தெரியாது. அந்தத் தம்பி அதற்கப்புறம் எங்கள் மையத்துக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவருடைய அம்மா உட்காரச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பேனர் கிடையாது. ஓட்டல் வாசல் பலகையில் அமைப்பின் பெயர்கூட இருக்காது, 'இரண்டாம் தளம், கூட்டம்' அவ்வளவுதான். படம் என்றால் மேசை மேல் இருக்கும் காகிதங்களும் கைகளும். இதைத் திட்ட அலுவலரிடம் சொன்னபோது, "முகம் வேண்டும் என்று நாங்கள் எப்போது கேட்டோம்?" என்றார். அதுவும் சரிதான்.

மூன்றாவது கூட்டம் 2020 ஏப்ரலில் நடந்திருக்க வேண்டும். மார்ச் 25 முதல் நாடே மூடிவிட்டது. காலநீட்டிப்புக் கேட்டு ஒரு மின்னஞ்சல், இரண்டு நாளில் பதில் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத் திருத்தம் வந்தது: வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குப் பிரித்துத் தர முடியாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்குள், கணக்கு டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில். தென்மாவட்டங்களில் படிவத்தைச் சோதித்துப் பார்க்க ஒரு தோழமை அமைப்புக்குக் கொஞ்சம் தொகை தருவதாக இருந்தோம். அது அங்கேயே நின்றது. கூட்டத்தைப் போனிலும் காணொளியிலுமாக நடத்தினோம். பாதிப் பேரிடம் ஸ்மார்ட்போன் இல்லை. களப்பணியாளர் அவர்கள் வீட்டு வாசலில் தன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓட்டல் வாடகை மிச்சமானதில் படிவத்தை 300 பிரதி அச்சடித்தோம். இன்னொரு தடவை விண்ணப்பம் எழுதினால், கூட்டம் முடிந்த பிறகு ஆறு மாத வேலைக்கான பணத்தை முதலிலேயே ஒரு வரியாகக் கேட்பேன். நிபுணர்கள் பேசி முடித்துப் போன பிறகு அந்தப் பேச்சைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவருக்குச் சம்பளம் வேண்டும் அல்லவா.

அந்த முன்சொல் தாள் வேலை செய்ததா என்று கேட்பார்கள். 2022இல் மணப்பாறை அக்காவுக்கு மறுபடி முடியாமல் போயிற்று. அவர் தன் சார்பில் நியமித்திருந்த தம்பி, நான்காக மடித்த தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கூடப் போனார். தாளை மருத்துவர் கையில் சேர்ப்பது எழுதியவருக்கும் அவர் நியமித்தவருக்கும் உள்ள கடமை என்று 11ஆம் பிரிவில் இருக்கிறது. அதைச் சொல்லித்தான் கொடுத்திருந்தோம். ஆனால் அவசர சிகிச்சையை இந்தத் தாள் கட்டுப்படுத்தாது. 72 மணி நேரம் வரை அப்படித் தரலாம். அன்று ராத்திரி பணியில் இருந்தவர் தாளை வாங்கி, பிரிக்காமலே கோப்பில் செருகிவிட்டார். நான்காம் நாள் நான் நேரில் போய்ச் சொன்ன பிறகுதான் சிகிச்சை தந்த மருத்துவர் அதைப் படித்தார்.

ஆட்டு வரிக்கு மருத்துவர் தேவைப்படவில்லை. வண்டி வருவதற்கு முன்பே தம்பி தண்ணி காட்டி, ஒன்பதையும் பக்கத்துக் கொல்லையில் கட்டிவிட்டுத்தான் அக்காவை ஏற்றியிருக்கிறார். ஏழு ஒன்பதாகியிருந்தது. தாளில் அந்த எண்ணை மட்டும் பேனாவால் திருத்தியிருந்தார்கள்.